இன்பத்திலும் துன்பத்திலும் ஒரு தேடல்: கேட்காவ் சொல்லும் கதை



புனேயிலும் மும்பையிலும் வாழும் நம்மில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையாவது சென்னையிலிருந்து ரயிலில் திரும்பி வருகிறவர்கள். சோலாப்பூர் கடந்து, தவுண்டு சந்திப்பில் ஒரு தேநீர் குடித்ததும், "இனிப் புனே வந்துவிடும்" என்று பெட்டிகளை இழுத்து வைக்கத் தொடங்கிவிடுவோம். தவுண்டுக்கும் புனேக்கும் இடையில் கேட்காவ் என்று ஒரு சிறிய நிலையம் உண்டு. விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படிப்பதற்குள் அது பின்னால் போய்விடும்.

1991ஆம் ஆண்டு ஒரு காலை, நான் வந்த வண்டி சிக்னலுக்காக அந்த ஊர் அருகே நின்றது. நான் புனேக்கு வேலைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம். பேத்தியைப் பார்க்க அம்மா புறப்பட்டு வருவதாக இருந்தது. அதற்குள் தந்தி வந்தது. நாசரேத்தை அடுத்த எங்கள் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நல்லடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தேன். வீட்டில் குழந்தை சிரிக்கத் தொடங்கியிருப்பதாக மனைவி கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் படித்து மகிழவும் முடியவில்லை, மடித்து வைக்கவும் முடியவில்லை.

எதிர் இருக்கையில் தவுண்டில் ஏறிய பெரியவர் ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். என் முகத்தைப் பார்த்து விவரம் கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "இங்கேதான் தம்பி ரமாபாய் அம்மா இருந்தாங்க. அவங்களும் ஊர் ஊரா அலைஞ்சவங்கதான். ஒருநாள் இறங்கிப் பாருங்க" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

பண்டித ரமாபாயைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். கிறிஸ்தவ விசுவாசம் என்பது ஒரு மனிதருக்கு எப்படி வாய்க்கிறது? துன்பம் வந்தால் அது தானாக வந்துவிடுமா? நல்ல காலம் வந்தால் மறந்துவிடுமா? புதிய ஊரில், புதிய வாழ்க்கைப் பருவத்தில் அதற்கு என்ன வேலை? இக்கேள்விகளுக்கு அவருடைய வாழ்க்கை தரும் விளக்கத்தை நம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த மதத்தினரையும் தம் வழியிலிருந்து மாற்றுவது இதன் நோக்கம் அல்ல. நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார் என்று அறிவதும் நல்லதே.

கூடையில் தொடங்கிய பயணம்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தில் உள்ள கங்காமூலா என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சித்பாவன் பிராமணர், சமஸ்கிருதப் பேரறிஞர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பது கூடாது என்று கருதப்பட்ட அக்காலத்தில் அவர் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பையும் தாங்கினார். அந்தத் தாயே பின்னர் மகளுக்கு ஆசிரியை ஆனார்.

காட்டு வீட்டில் வந்தோருக்கெல்லாம் உணவிட்டுக் கையிருப்புக் கரைந்துபோக, குடும்பம் தீர்த்த யாத்திரை புறப்பட்டது. அப்போது ரமாபாய் ஆறு மாதக் குழந்தை. பிரம்புக் கூடையில் வைத்து ஓர் ஆள் அவரைச் சுமந்து சென்றார். அன்று தொடங்கிய பயணம் பல்லாண்டுகள் நிற்கவே இல்லை. கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசிப்பதும், கேட்போர் தரும் காணிக்கையில் உண்பதுமே அவர்கள் வாழ்க்கை. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் அவருக்கு இருந்ததில்லை. ஆயினும் பாகவதம் மனப்பாடமாக இருந்தது. மராத்தி, கன்னடம், இந்தி என்று மொழிகள் நாவில் ஏறின. ஊர் இல்லாதவருக்கு நூல்களே ஊராக இருந்தன எனலாம்.

பசி தந்தது விசுவாசம் அல்ல

1870களில் சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் பஞ்சம் வாட்டியது. புராணம் கேட்க வருவோர் குறைந்தனர். நகைகளையும் பாத்திரங்களையும் விற்று உண்டார்கள். பிச்சை எடுக்கவோ கூலி வேலை செய்யவோ அவர்கள் பழகியிருக்கவில்லை. இறுதியில் காட்டுக்குள் சென்று, பதினொரு நாட்கள் இலைகளையும் காட்டு ஈச்சம்பழத்தையும் தின்று கிடந்தார்கள். அதன் பிறகு தந்தை இறந்தார். சில மாதங்களுக்குள் தாயும், பின்னர் தமக்கையும் இறந்தனர்.

தாய் படுத்திருந்த நேரத்தில் ரமாபாய் பக்கத்து வீட்டில் ஒரு கம்பு ரொட்டி கேட்கச் சென்றார். கூச்சத்தால் வாய் திறக்க முடியவில்லை. வீட்டுக்காரி புரிந்துகொண்டு கொடுத்தார். கொண்டு வந்தபோது தாய்க்கு அதை உண்ணும் நிலை இல்லை. பாடை தூக்கப் போதிய ஆட்கள் கிடைக்காமல் மகளே ஒரு பக்கம் தூக்க நேர்ந்தது. உயரம் குறைந்தவர் ஆதலால் தோளில் வைக்க முடியாமல் தலையில் தாங்கினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துன்பம் மனிதனைக் கடவுளிடம் கொண்டு சேர்க்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ரமாபாய்க்கு அப்படி நடக்கவில்லை. தாமும் அண்ணன் ஸ்ரீநிவாசனும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து காசுமீரம் வரை சென்றார்கள். ஜீலம் நதிக்கரைக் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியின்றி மணலில் குழி தோண்டி, உடம்பின் மேல் மணலை மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். எல்லா விரதமும் இருந்தார்கள், எல்லாத் தீர்த்தத்திலும் நீராடினார்கள். பசியின் முடிவில் அவர்களுக்கு மிஞ்சியது சந்தேகம்தான். சிறு வயது முதல் நம்பியவற்றின் மேல் பிடிப்புத் தளர்ந்தது. அதன் இடத்தில் வேறொன்றும் உடனே வந்து அமரவில்லை.

துன்பப்படுகிறவரிடம் போய், "எல்லாம் நன்மைக்கே, விசுவாசியுங்கள்" என்று சொல்கிற நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். காலியான வயிற்றுக்கு முதலில் வேண்டியது ரொட்டி. அதை ரமாபாய் பிற்காலத்தில் மறக்கவே இல்லை.

மகிழ்ச்சியான வீட்டில் ஒரு சிறு புத்தகம்

1878இல் அண்ணனும் தங்கையும் கல்கத்தா சேர்ந்தனர். இருபது வயதுப் பெண் சமஸ்கிருதத்தில் தங்குதடையின்றிப் பேசுவதைக் கண்டு அங்குள்ள அறிஞர்கள் வியந்தனர். அவரைச் சோதித்து "பண்டிதை" என்றும் "சரஸ்வதி" என்றும் பட்டம் அளித்தனர். நெடுநாள் பட்டினி கிடந்தவர் திடீரென்று புகழ் பெற்றார். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு விபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை மணந்தார். வேறு சாதி, வேறு மொழி. பதிவுத் திருமணம். அசாம் பகுதியில் உள்ள சில்சாரில் குடித்தனம். 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். ரமாபாய்க்குத் தம் வாழ்நாளில் முதன் முறையாக ஒரு வீடு இருந்தது.

அந்த வீட்டுப் புத்தக அலமாரியில்தான் வங்க மொழியில் ஒரு லூக்கா சுவிசேஷம் அவர் கையில் கிடைத்தது. படித்துப் பார்த்தார், பிடித்திருந்தது. அவ்வூரில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஒருவர் வந்து படைப்பின் கதையை விளக்கினார். தாம் கிறிஸ்தவராகலாம் என்ற எண்ணம் ரமாபாய்க்கு எழுந்தபோது கணவருக்கு அது பிடிக்கவில்லை. பேச்சு அத்தோடு நின்றது.

ஆகவே அந்த நூல் அவர் கைக்கு வந்தது அழுகையின் நடுவில் அல்ல. நிம்மதியான ஒரு வீட்டில், குழந்தையின் மழலைக்கு நடுவில். மகிழ்ச்சியாக இருக்கும்போது மனிதருக்கு ஒரு ஓய்வு கிடைக்கிறது. "இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது?" என்று கேட்கும் நேரம் அப்போதுதான் வாய்க்கிறது. துன்பம் கேட்கும் கேள்வி "ஏன்?" என்பது. இன்பம் கேட்கும் கேள்வி "யாரால்?" என்பது. ரமாபாய் இரண்டையும் கேட்டார். ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் தேடல் பாதியில் நின்றிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வீடு நீடிக்கவில்லை. 1882 பிப்ரவரியில் விபின் பிஹாரி வாந்திபேதியில் இறந்தார். மணமாகி இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை. இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை.

அயல்நாட்டில் ஓர் ஆற்றுப்படுத்தல்

அவர் புனேக்கு வந்தார். ஆரிய மகிளா சமாஜம் என்னும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 1882இல் கல்வி பற்றி விசாரித்த ஹண்டர் கமிஷன் முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று சாட்சியம் கூறினார். தாமே மருத்துவம் படிக்க விரும்பி, நூல் எழுதிக் கிடைத்த பணத்தைக் கொண்டு 1883இல் இங்கிலாந்து சென்றார்.

அங்கும் அடி விழுந்தது. உடன் வந்த தோழி சில மாதங்களுக்குள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ரமாபாயின் செவித்திறன் குறையத் தொடங்கியதால் மருத்துவக் கல்லூரி வாய்ப்பும் போயிற்று. வாண்டேஜ் என்னும் ஊரில் இருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில்தான் அவர் தங்கியிருந்தார். அச்சகோதரிகள் அவரை லண்டனில் புல்ஹம் பகுதியில் தாம் நடத்திய ஓர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர். சமூகம் "கெட்டுப் போனவர்கள்" என்று ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம் அது. அவர்களை அங்கே யாரும் இழிவாக நடத்தவில்லை. திருந்தி வாழ்ந்த பெண்கள் பிறரைப் பராமரித்துக் கொண்டிருந்தனர்.

ரமாபாய் காரணம் கேட்டார். ஒரு சகோதரி யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினார். ஊராரால் தள்ளப்பட்ட ஒரு சமாரியப் பெண்ணிடம், நண்பகலில், கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்கும் சம்பவம் அது. பெண் என்றோ, வேற்றினத்தவள் என்றோ, அவள் கடந்த கால வாழ்க்கை என்ன என்றோ பார்த்து அவர் விலகவில்லை. தாம் படித்த நூல்களிலெல்லாம் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று ரமாபாய்க்குத் தோன்றியது. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

ஞானஸ்நானம் பெற்றதால் அவர் தம் சுயமரியாதையை அடகு வைக்கவில்லை. சைவ உணவையே உண்டார். கழுத்தில் அணியும் சிலுவையில் இலத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருத எழுத்து இருக்கட்டும் என்றார். சபையின் கோட்பாடுகளில் விளங்காதவற்றை விளங்கவில்லை என்றே எழுதினார். தம்மை வழிநடத்திய சகோதரியுடன் அவர் நடத்திய கடித வாதங்கள் புகழ் பெற்றவை. புதிய நாட்டுக்குப் போனால் அந்த நாட்டாரைப் போல நடந்தால்தான் அவர்களுடைய விசுவாசத்தையும் ஏற்க முடியும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் அறிமுகமான போராட்டம்.

எட்டு ஆண்டுக் காத்திருப்பு

1886இல் தம் உறவினரான ஆனந்திபாய் ஜோஷியின் மருத்துவப் பட்டமளிப்பைக் காண ரமாபாய் அமெரிக்கா சென்றார். அங்கே ஊர் ஊராகப் பேசினார். இந்தியாவின் உயர்சாதி விதவைகளின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887இல் வெளிவந்தது. அந்த ஆதரவோடு திரும்பி வந்து, 1889 மார்ச்சில் பம்பாயில் "சாரதா சதன்" என்னும் விதவையர் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. அங்கே முதல் மாணவியாகச் சேர்ந்த இளம் விதவை கோதுபாய், 1893இல் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். பெண் கல்விக்காக உழைத்து 1916இல் மகளிர் பல்கலைக்கழகம் நிறுவிய அதே கார்வேதான். 1958இல் பாரத ரத்னா பெற்றவர்.

வெளியே இத்தனை வெற்றி. உள்ளே? தமக்குக் கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்ற கருத்தை ரமாபாய் 1907இல் எழுதிய தம் சாட்சி நூலில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்தே மனத்துக்கு அமைதி வந்தது. தகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு கடவுளிடம் போக வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தார். யாத்திரை நாட்களின் பழக்கம் அது. உள்ளது உள்ளபடியே, வெறுங்கையோடு போகலாம் என்பது அப்போதுதான் விளங்கியது. கிறிஸ்தவர்கள் "கிருபை" என்று சொல்வது இதைத்தான்.

ஞானஸ்நானம், ஆலயம், பிரசங்கம், பாடல் எல்லாம் இருந்தும் உள்ளம் வறண்டிருக்கும் காலம் பக்தியுள்ளோர் பலருக்கும் வருகிறது. அது அவிசுவாசம் அல்ல. ஒரு பண்டிதையே எட்டு ஆண்டுகள் காத்திருந்தார் என்றால் நாம் சில மாதங்களில் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

திறந்திருந்த கதவு

இந்த வாழ்க்கையில் சங்கடமான ஓர் இடமும் உண்டு. அதை மறைத்துச் சொன்னால் கட்டுரை நேர்மையாக இராது. சாரதா சதன் எந்த மதத்தையும் கற்பிக்காத பள்ளி என்ற உறுதியோடு தொடங்கியது. அதை நம்பித்தான் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். ரமாபாய் தம் அறையில் கதவைத் திறந்து வைத்து ஜெபம் செய்வார். சில பெண்கள் தாமாக வந்து உட்கார்ந்தனர். செய்தி வெளியே பரவியது. இந்து வீட்டுப் பெண்களை மதம் மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1893இல் ஆலோசனைக் குழுவினர் விலகினர். பல பெற்றோர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர்.

மகளை நம்பி ஒப்படைத்த பெற்றோரின் அச்சம் நியாயமானது. தம் வீட்டில் தாம் ஜெபிக்கும்போது கதவைச் சாத்த மாட்டேன் என்ற ரமாபாயின் வாதத்திலும் நியாயம் உண்டு. யார் சரி என்று தீர்ப்புக் கூறுவது எளிதல்ல. பல மதத்தினர் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் குடியிருக்கும் நம் வாழ்க்கையிலும் இந்தக் கேள்வி இருக்கவே செய்கிறது. என் விசுவாசத்தை நான் மறைக்க வேண்டாம். பிறர் என்மீது வைத்த நம்பிக்கையைக் கெடுக்கவும் வேண்டாம். இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பது கம்பி மேல் நடப்பது போலத்தான். ரமாபாய் அதில் பழைய நண்பர்களை இழந்தார் என்பதும் உண்மை.

ரொட்டி கேட்டவள் ரொட்டி கொடுத்தாள்

1896-97இல் மத்திய மாகாணங்களில் கடும் பஞ்சம் வந்தது. செய்தி கேட்டதும் ரமாபாய் கிளம்பிச் சென்றார். பசியால் எலும்பும் தோலுமாய் இருந்த சிறுமிகளையும் இளம் விதவைகளையும் பார்த்தபோது அவருக்குத் தம் தாயும் தமக்கையும் நினைவுக்கு வந்திருப்பார்கள். ஏறத்தாழ முந்நூறு பேரை அழைத்து வந்தார். புனேயில் பிளேக் பரவியிருந்ததால் அவர்களை அங்கே வைத்திருக்க முடியவில்லை. கேட்காவ் ரயில் நிலையம் அருகே முன்பே வாங்கி வைத்திருந்த நிலத்தில் குடிசைகள் எழுந்தன. அதுவே "முக்தி". 1900இல் குஜராத் பஞ்சம் வந்தபோது மேலும் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர்.

அங்கே படிப்பு இருந்தது. விவசாயம், நெசவு, எண்ணெய்ச் செக்கு, அச்சகம் எல்லாம் இருந்தன. எல்லாம் பெண்களே செய்தனர். கண் தெரியாதவர்களுக்குப் "பர்த்திமாய் சதன்", கைவிடப்பட்ட பெண்களுக்குக் "கிருபா சதன்" என்று தனித்தனி இல்லங்கள் எழுந்தன. தாய்க்கு ஒரு ரொட்டியை உரிய நேரத்தில் கொடுக்க முடியாத பெண், ஆயிரம் பேருக்கு மேல் நாள்தோறும் ரொட்டி கொடுத்தார். பட்ட துன்பத்துக்குக் காரணம் இன்னதென்று அவர் கண்டுபிடிக்கவில்லை. அதை என்ன செய்வது என்று கண்டுபிடித்தார். விசுவாசம் அவருக்குச் செய்த உதவி அதுவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கிடையே எபிரேய, கிரேக்க மூலங்களைக் கற்று, எளிய கிராமத்துப் பெண்களுக்கும் புரியும் மராத்தியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்க்கும் வேலையை மேற்கொண்டார். பல்லாண்டு உழைப்பு. முடியும் தறுவாயில், 1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தாள். பள்ளியில் தாய்க்கு வலது கையாக இருந்த ஒரே மகள். ரமாபாய் வேலையை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பை முடித்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் கண்மூடினார். 1989இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. முக்தி மிஷன் கேட்காவில் இன்றும் நடந்து வருகிறது.

வேதாகமம் காட்டும் இடம்பெயர்ந்தோர்

ரமாபாய் மொழிபெயர்த்த அந்த நூலிலேயே நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் ஏராளம். ரூத்தின் கதையில் பெத்லகேமில் பஞ்சம் வர, நகோமியின் குடும்பம் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறது. அங்கே கணவனையும் இரு மகன்களையும் இழக்கிறாள். ஊர் திரும்பியதும், இனிமை என்று பொருள்படும் தன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாம், கசப்பு என்று பொருள்படும் மாரா என்று அழையுங்கள் என்கிறாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை. கதை முடிவில் அவள் மடியில் ஒரு பேரக் குழந்தை இருக்கிறது. இறந்தவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் குழந்தை வந்தது. இரண்டும் உண்மை.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டு போகப்பட்டோருக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதுகிறார். நாளையே ஊர் திரும்பலாம் என்று கனவு காணாமல், அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்து, அந்த அயல் நகரத்தின் நலனுக்காக ஜெபிக்கும்படி அதில் அறிவுறுத்துகிறார். "இந்த ஊர் நம் ஊர் அல்ல" என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறக்காமல் வைத்திருக்கும் நமக்கே எழுதியது போல் இருக்கும்.

சங்கீதப் புத்தகத்தில் 150 பாடல்கள். அவற்றில் பெரும் பங்கு புலம்பல்கள். கடவுளிடம் முறையிடுவதும், ஏன் கைவிட்டீர் என்று கேட்பதும் அங்கே ஜெபமாகவே கருதப்படுகிறது. துதிப் பாடல்களும் புலம்பல்களும் பிரித்து அடுக்கப்படாமல் பக்கத்துப் பக்கத்தில் கலந்தே கிடக்கின்றன. மனித வாழ்க்கையும் அப்படித்தானே?

நம் வீடுகளில்

இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது, வட இந்தியத் திருச்சபை 1970இல் உருவானது. தெற்கே ஒன்றில் வளர்ந்தவர்கள் இங்கு வந்ததும் மற்றொன்றின் ஆலயத்தில், தெரியாத மொழி ஆராதனையில் போய் நிற்கிறோம். பிறகு யாரோ ஒருவர் தமிழ் ஆராதனை எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்கிறார். அங்கே குருவானவர் அறிக்கை வாசிக்கும்போது, ஒரு குடும்பம் குழந்தை பிறந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைத்திருக்கும். அடுத்த வரியில் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்காக ஜெப விண்ணப்பம் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்தே சபையார் "ஆமென்" சொல்வார்கள். சிறு வயதில் இதைச் சடங்கு என்றே எண்ணியிருந்தேன். இன்று அதுவே சாரம் என்று தோன்றுகிறது. என் மகிழ்ச்சியை நான் தனியாகச் சுமக்க வேண்டாம். என் துக்கத்தையும் நான் தனியாகச் சுமக்க வேண்டாம்.

புதிதாக ஊர் வந்த குடும்பங்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு யாராவது அழைத்தால் போய் வாருங்கள். சாப்பாடு எளிமையாக இருக்கும், உறவு கனமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஜெபத்தைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். இன்னொரு மொழியில் படித்தாலும் அழும்போது வருவது தாய்மொழியே. நன்றி சொல்லும் பழக்கத்தை நல்ல நாளிலேயே தொடங்குங்கள். கெட்ட நாளில் புதிதாகத் தொடங்குவது கடினம். துக்கத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போனால் விளக்கம் சொல்ல வேண்டாம். ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாதமும் குழம்பும் கொண்டு போங்கள். ரமாபாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் செய்தது அதுதான்.

அந்தப் பெரியவர் சொன்ன சொல்லை நான் சில மாதங்கள் கழித்தே நிறைவேற்றினேன். ஒரு ஞாயிறு, பாசஞ்சர் வண்டி ஏறி, மனைவியோடும் குழந்தையோடும் கேட்காவில் இறங்கினேன். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வேப்ப மரங்களும் கல் கட்டடங்களுமாக அமைதியான இடம். அங்கிருந்த வயதான பெண் ஒருவர் ஒன்றும் கேட்காமல் குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். மராத்தியில் ஏதோ கொஞ்சினார். என் மகள் சிரித்தாள்.

அம்மா இறந்த பிறகு நான் முதன் முதலாக அழுதது அங்கேதான். முதன் முதலாக ஸ்தோத்திரம் சொன்னதும் அங்கேதான். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது, தவுண்டு கழிந்ததும் பெட்டிகளை எடுத்து வைக்கும் அவசரத்தில் சற்றே சன்னல் பக்கம் பாருங்கள். அந்தச் சிறிய நிலையத்தின் பெயர்ப் பலகை உங்கள் கண்ணில் படட்டும். புதிய பருவத்தில் கால் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் கடவுள் துணை நிற்பாராக.